காயில் கட்டுறவனக் கேட்டியா?

வா மாப்ளே, உள்ள வா. மூஞ்சி ஏன் தொங்கிக் கெடக்கு? இரு, நீ சொல்ல வேணாம். நீ கேட்டத் தொறக்கையிலேயே எனக்கு வாசன வந்துருச்சு. காயில் கருகுன வாசன. மன்னார்குடிப் பக்கம் முப்பது வருசம் பம்புசெட்டோட குடும்பம் நடத்தினவன் நான். ஒங்கத்த வைக்கிற கொழம்புல உப்பு இல்லன்னாக்கூடத் தெரியாது. மோட்டாரு கருகுனா மூணு வயல் தள்ளி நின்னாலும் தெரியும்.

பையிலேருந்து எடு, பாப்பம். அடடா, புதுப்பொண்ணு மாதிரி பளபளன்னு இருக்கு. வயிறுதான் எரிஞ்சு போச்சு. இத இப்படி ஊஞ்சல் மேல வையி. குப்பையில கிப்பையில போட்டுராத. பொறகு பாத்துக்குவம்.

ஆக, 18 வருசம் நியூஜெர்சியில இருந்துட்டு நங்கநல்லூர் வந்து எறங்கின. ஒங்கப்பன் படத்த மாட்டச் செவுத்துல ஒரு ஓட்ட போடணும். அந்த ஒரு ஓட்டைக்கு ரெண்டு கடல் தாண்டி டிரில்லிங் மிசினத் தூக்கியாந்த. தப்பில்ல. அதுக்குத் துப்பாக்கி மாதிரி கைப்பிடியும் குதிரையும் வச்சு 1917-ல காப்புரிமை வாங்கினதே ஒங்க பால்டிமோர்க்காரந்தான், பிளாக் அண்ட் டெக்கர். அந்த ஊர்ல எதச் செஞ்சாலும் துப்பாக்கி மாதிரிதான் செய்வானுவ போலருக்கு.

அங்க செவுத்துல வர்றது 120 வோல்ட்டு. இங்க 230. ஒனக்குத் தெரியாதா என்ன? எஞ்சினீயரு! ஆனா ப்ளக்கு சேரலன்னதும் கடையில போயி அடாப்டர் வாங்கிச் சொருவின பாரு, அங்கதான் எஞ்சினீயரிங் லீவுல போயிருச்சு. அடாப்டரு வேட்டிய மாத்தும் மாப்ளே, ஆள மாத்தாது. தட்டக் கால மூணு குண்டுக் கால் ஓட்டையில நுழைய விடும், அவ்வளவுதான். உள்ள வர்ற கரன்டு அதே 230தான். காயில்ல வோல்ட்டு ரெண்டு மடங்கு ஏறினா சூடு நாலு மடங்கு ஏறும். அர ஆள் சாப்பிடுற எடத்துல ரெண்டு ஆள் சாப்பாட்டத் திணிச்சா என்ன ஆவும்? ரெண்டு நிமிசம் அசுர வேகத்துல சுத்தியிருக்குமே? "சூப்பரா ஓடுது மாமா"ன்னு சிரிச்சிருப்ப. அது ஓட்டம் இல்ல, உசிரு போறதுக்கு முந்தி வர்ற தெம்பு.

அதுக்குன்னே டிரான்ஸ்பார்மர்னு ஒண்ணு இருக்கு. 230-ஐ வாங்கி 110-ஆ எறக்கிக் குடுக்கும். அம்மிக்கல்லு கனம். ஒன் பெரிய மச்சான் மிக்சியோட வந்தப்ப அவனும் இதே கூத்துதான் ஆடினான்.

ப்ளக்கு கதையும் கேட்டுக்க. இந்த மூணு குண்டுக் கால், வெள்ளக்காரன் நமக்குக் குடுத்தது. 1947-ல அவன் தன் ஊருக்குச் சதுரக் கால்னு புது விதி எழுதிட்டான். நாம அதே வருசம் சொதந்தரம் வாங்கிக்கிட்டு அவன் வுட்ட குண்டுக் காலப் பத்திரமா வச்சுக்கிட்டம். துபாய்லேருந்தும் சிங்கப்பூர்லேருந்தும் வர்றவன் சதுரத்தோட வர்றான், நீ தட்டையோட வர்ற. இந்தத் தெருவுல எந்த வீட்டு அலமாரியத் தொறந்தாலும் துணிக்குப் பதிலா அடாப்டருதான் கொட்டுது.

நம்ம பழவந்தாங்கல் ரயில எடுத்துக்க. பீச்சு - தாம்பரம் லைன்ல 1931-லேருந்து கரன்டு வண்டி ஓடுது. மொதல்ல 1,500 வோல்ட்டு டிசி. 1960-கள்ல அத 25,000 வோல்ட்டு ஏசியா ஆக்குனாங்க. ரயில்வேக்காரன் கம்பிய மாத்தினப்ப வண்டியையும் சேத்து மாத்தினான். நீ ஊர மாத்தின, மிசின மாத்தல.

அது கெடக்கட்டும். நேத்து ஒங்கம்மா வீட்டு ஹால்ல கையில ஒரு டப்பாவ வச்சு செவுத்தத் தடவிக்கிட்டே போனியே, அது என்னா? நான் சன்னல் வழியாப் பாத்தேன். ஏதோ செய்வினைதான் தேடுறியோன்னு நெனச்சேன். செவுத்துக்குள்ள மரச்சட்டம் எங்க இருக்குன்னு பாக்குற கருவியாமே! ஒங்க ஊரு செவுரு ஜிப்சம் பலக. 16 அங்குலத்துக்கு ஒரு சட்டம் நிக்கும், அதுல ஆணி எறங்கினாத்தான் படம் நிக்கும். இது ஒங்க தாத்தா எழுப்பின 9 அங்குலச் செங்கச் செவுரு மாப்ளே. யானையக் கட்டினாலும் நிக்கும். இதுல மரத்தத் தேடினா சாயங்காலம் வரைக்கும் தடவிக்கிட்டே இருக்க வேண்டியதுதான்.

அப்பறம் புதுசு ஒண்ணு போன்லயே வாங்கிரலாம்னு பாத்தியாம். பணம் கட்டப் போனா ஓடிபி நியூஜெர்சி நம்பருக்குப் போவுது. அந்த சிம்ம நீ வரும்போதே மூடிட்டு வந்துட்ட. பேங்குல நம்பர மாத்தப் போனா, மாத்தறதுக்கும் பழைய நம்பருக்கே ஓடிபி அனுப்புறான். கெணத்துல விழுந்த வாளிய எடுக்க அதே வாளியக் கேக்குற கத. கடைசியில ஒங்கம்மா நம்பர்ல ஆர்டர் போட்டா, கொண்டாந்த பையன் "எங்க சார் வரணும்?"னு கேட்டான். நீ என்னா சொன்ன? "கோயிலுக்கு எதுத்தாப்ல." அட மகராசா! நங்கநல்லூர்ல கோயிலுக்கு எதுத்தாப்லன்னா, கும்பகோணத்துல கொளத்துக்குப் பக்கத்துலன்னு சொல்ற மாதிரி. 32 அடி ஆஞ்சநேயர்கிட்ட ஒரு தடவ, ராஜராஜேஸ்வரிகிட்ட ஒரு தடவ, ஐயப்பன்கிட்ட ஒரு தடவன்னு அந்தப் பையன் ஸ்தல யாத்திர போயிட்டு, மிசினக் குடுக்காமலே திரும்பிட்டான். புண்ணியம் அவனுக்கு, ரீஃபண்டு ஒனக்கு.

இப்ப நாஞ்சொல்றதக் கேளு. நல்ல மிசின் எதுன்னு ஆள் ஆளுக்கு வாட்டு, ஆர்பிஎம், நட்சத்திரம்னு சொல்லுவான். நான் பம்புசெட்டு வாங்கினப்ப மோட்டாரு கடைக்கு மொதல்ல போவல. மன்னார்குடியில காயில் கட்டுறவன்கிட்டப் போயி ஒரு டீ வாங்கிக் குடுத்து, "எந்த மோட்டாரு ஒங்கிட்ட அடிக்கடி வருது? எதுக்கு சாமான் ஒடனே கெடைக்குது?"ன்னு கேட்டேன். அவன் சொன்ன கோயமுத்தூர் மோட்டாரத்தான் வாங்கினேன். பொண்ணப் பத்திப் பொண்ணு வீட்டுல கேக்கக் கூடாது, பக்கத்து வீட்டுல கேக்கணும். மிசினப் பத்தி விக்கிறவன்கிட்டக் கேக்கக் கூடாது, பிரிக்கிறவன்கிட்டக் கேக்கணும். கெடாத மிசினு உலகத்துல கெடையாது. கெட்டா எத்தன தெரு தள்ளி சரியாவும்ங்கறதுதான் கணக்கு.

ரயிலேறி பீச்சுல எறங்கு. எதுத்தாப்ல பர்மா பஜாரு. 1960-கள்ல பர்மாவுலேருந்து வெறுங்கையோட திரும்பி வந்த நம்ம சனங்களுக்காக 1969-ல வந்த கடைங்க. அவங்களும் ஒன்ன மாதிரி ஊர் திரும்பினவங்கதான். சொத்து சுகத்தையெல்லாம் அங்கயே விட்டுட்டு வந்தவங்க, இங்க உக்காந்து ஊருக்கே வெளிநாட்டுச் சாமான் வித்தாங்க. நீ மூணு பெட்டி நெறயக் கொண்டாந்துட்டு ஒரு ஆணி அடிக்க வழியில்லாம நிக்கிற. அங்க நிக்காம லிங்கி செட்டித் தெருவுக்கு நட. கடைக்காரன் மிசின எடுத்து நீட்டுவான். வாங்காத. "இதுக்குக் கார்பன் பிரஷ் ஒரு ஜோடி குடுங்க"ன்னு மொதல்ல கேளு. அவன் டிராயர இழுத்து ஒடனே எடுத்துக் குடுத்தா அந்த மிசின வாங்கு. "ஆர்டர் போட்டா வரும் சார்"னு சொன்னா, கும்பிடு போட்டுட்டு அடுத்த கடைக்குப் போ.

அங்கயே ப்ளக்குல போட்டு ஓட்டிப் பாரு. காத்துப் போற ஓட்டை வழியா எட்டிப் பாத்தா, பிரஷ் கிட்ட சின்னதா நீலப் பொறி தெரியும். அது சாதாரணம். தீவாளி மத்தாப்பு மாதிரி கொட்டினா வேணாம். ஒரு பிட்ட மாட்டிச் சுத்த விடு. முனை தலையாட்டினா சக்கு கோணல். பில்லுல சீரியல் நம்பர எழுதச் சொல்லு. கூச்சப்படாத, அவனுக்கு அமெரிக்க மாப்ளையவிடப் பில்லு கேக்குற ஆளுதான் மரியாத.

செங்கச் செவுத்துக்கு 13 எம்எம் ஹேமர் டிரில்லு போதும். காங்கிரீட்டுத் தூண்லயும் பீம்லயும் போடணும்னா ரோட்டரி ஹேமர்னு வேற சாதனம். அது இல்லாம தூணோட மல்லுக்கட்டினா தூண் ஜெயிக்கும். பேட்டரி மிசினு வேணுமா? அதுலயும் கூத்து இருக்கு. அமெரிக்காவுல 20 வோல்ட்டுன்னு பெட்டியில போட்டிருப்பான், மத்த ஊர்ல அதே மாதிரி மிசினு மேல 18-னு போட்டிருப்பான். உள்ள ரெண்டுலயும் அஞ்சு லித்தியம் செல்லுதான். முழுசா சார்ஜ் ஏறினப்ப அளந்தா 20, நெதானமா வேல செய்யறப்ப அளந்தா 18. காலையில குதிகால் செருப்போட நிக்க வச்சு உயரம் எடுத்த பொண்ணு மாதிரி. பிளேன்ல வந்தாலும் ஒடம்பு லக்கேஜ்ல, உதிரிப் பேட்டரி கைப்பையில. உசிரு ஒரு பக்கம், ஒடம்பு ஒரு பக்கம். சார்ஜர் 120 வோல்ட்டு மட்டுந்தான்னா இங்க வந்ததும் அதுக்கும் பத்தாம் நாள் காரியம்.

ஓட்ட போடறப்ப நாலு சங்கதி. சுவிச்சு போர்டுக்கு நேர் மேலயும் நேர் கீழயும் கை வைக்காத, ஒயரு அந்த வழியாத்தான் ஓடும். பழைய பேப்பர ஒற மாதிரி மடிச்சு ஓட்டைக்குக் கீழ ஒட்டு, செங்கப்பொடி அதுல விழும், ஒங்கம்மா வாயும் சும்மா இருக்கும். 6 எம்எம் ஓட்ட, அதுல ரால் பிளக்கு, அதுல ஸ்க்ரூ. நாலாவதுதான் நங்கநல்லூர் ரகசியம். மீனம்பாக்கத்துலேருந்து பிளேன் கெளம்பற சத்தம் கேட்டதும் குதிரைய அழுத்து. அது தலைக்கு மேல போயி மறையறதுக்குள்ள முடி. பக்கத்து வீட்டுல ஒரு பய சண்டைக்கு வரமாட்டான்.

சரி, கெளம்பறியா? அந்தக் கருகுன மிசின எதுக்குத் தூக்குற? அங்கயே இருக்கட்டும். அதுக்கு இங்க கார்பன் பிரஷ் கெடைக்காது, வாரண்டி கடல் தாண்டாது. நீ என்னா பண்ணப் போற?

நானா? நான் ஒண்ணும் பண்ணல. ஆதம்பாக்கத்துல காயில் கட்டுற பையன் ஒருத்தன் இருக்கான். காலையிலதான் கேட்டேன், ஆர்மேச்சர் கட்டிரலாம் பெரியவரேன்னான். மிச்சம் வேண்டியது டிரான்ஸ்பார்மருதான? ஒன் மச்சான் விட்டுட்டுப் போனது பரண் மேல கெடக்கு, இத்தன வருசமா ஏணிக்கு முட்டுக் குடுத்துக்கிட்டு.

காலையில எப்படித் தெரிஞ்சுதா? வாசனையாவது மண்ணாவது! ராத்திரி மிசின் பொகைஞ்ச ஒடனே ஒங்கம்மா எனக்குப் போன் போட்டுட்டா. நீ வருவன்னு விடிகாலையிலேருந்து ஊஞ்சல்ல எடம் ஒதுக்கி வச்சிருக்கேன்.

காப்பியக் குடி மாப்ளே, ஆறுது.