பெரியப்பா மகளும் மாமன் மகளும்

கேள்வி: விலங்குகளும் இரத்த உறவில் இணைசேர்வதைத் தவிர்க்கின்றனவாமே, நகரத்தார் சமூகத்தின் கோயில்வழி மணவிலக்கும் இயற்கை தந்ததுதானா? – நாட்டரசன்கோட்டை வாசகர்

பதில்: பாதிதான் இயற்கை, மீதியை யானையிடம் கேட்டால் அது விழிக்கும். பருவமெய்திய ஆண் யானை தாய்க்கூட்டத்தை விட்டு விலகுவதும், சிம்பன்சிகளில் பெரும்பாலும் பெண்களே கூட்டம் மாறுவதும் நெருங்கிய உறவில் இனம்பெருகுவதைக் குறைக்கின்றன. மனிதரிலும் சிறுவயதில் ஒன்றாக வளர்ந்தோரிடையே பாலீர்ப்பு மங்கும் என்று பின்லாந்து அறிஞர் எட்வர்ட் வெஸ்டர்மார்க் 1891இல் எழுதினார். ஆயினும் இது தவிர்ப்பு, அதாவது உடலின் சாய்வு மட்டுமே. விலக்கு என்பதோ சமூகம் உறவுக்குப் பெயரிட்டு வகுத்து, மீறுவோரைக் கண்டிக்கும் விதியாகும். நகரத்தாரின் ஒன்பது நகரக் கோயில்களில் ஒன்றின் ஒரே பிரிவைச் சேர்ந்த பெண், முகமே பார்த்திராத தொலைவூரில் வாழ்ந்தாலும், பங்காளி வீட்டுத் தங்கையாகிறாள். இரணியூரும் பிள்ளையார்பட்டியும் தனித்தனிக் கோயில்களாயினும், அவ்விரு கோயிலாரும் தம்மை உடன்பிறந்தோராகக் கருதி மணவுறவு கொள்வதில்லை. மாறாக, உங்கள் ஊர்க் கண்ணுடைய நாயகி கோயில் வீதியில் கூடவே விளையாடி வளர்ந்த மாமன் மகள் முறைப்பெண்ணாகிறாள். மரபணுக் கணக்கில் பெரியப்பா மகளுக்கும் மாமன் மகளுக்கும் வேறுபாடே இல்லை. இருவருமே ஒருவனுடன் சராசரியாக மரபணுக்களில் எட்டில் ஒரு பங்கைப் பகிர்கின்றனர். அவர்களுள் ஒருத்தியைத் தங்கையாகவும் மற்றவளை மணப்பெண்ணாகவும் பிரித்தது குருதியன்று, குலத்தின் நினைவே.