சக்கர கைங்கர்யம்
தில்லி மயூர் விகாரில் என் அண்டைவீட்டு நண்பர், பத்து வயதைக் கடந்துவிட்ட தமது டீசல் காரின் அலாய் சக்கரங்களில், பிரேக் பிடிக்குந்தோறும் உதிர்ந்து, சூட்டோடு படிந்து, துருவேறிப்போன இரும்புத் தூளைப் போக்கவேண்டி ஞாயிறுதோறும் செய்யும் கைங்கர்யத்தைக் கண்டால் அர்ச்சகர்களே நாணுவர். கரோல்பாக்கில் வாங்கிய திரவத்தைத் தெளித்ததும் கறை ஊதா நிறத்தில் கண்ணீர் வடிக்கும். பிறகு 400-ஆம் எண் உப்புத்தாள், 800, பிரைமர், வெள்ளி வர்ணம், லாக்கர். அபிஷேகம் மட்டும் வாளி ஜலத்தில்தான். 2024 கோடையில், குழாய் வைத்துக் கார் கழுவினால் 2,000 ரூபாய் அபராதம் என்று சர்க்கார் அறிவித்தது முதல் அவருக்கு ஜலத்தினிடம் அபார பக்தி.

பத்து வயது டீசல் வண்டி தலைநகரில் ஓடலாகாதென்று பசுமைத் தீர்ப்பாயம் 2015-இல் விதித்து, 2018-இல் உச்ச நீதிமன்றமும் அதை ஆமோதித்து, 2025 ஜூலை முதல் தேதி பெட்ரோல் பங்குகளில் எண்ணெய் மறுக்கத் தொடங்கி, சில தினங்களிலேயே அதுவும் நின்றுபோன விநோதத்தை நினைவூட்டி, "பங்கிலுள்ள காமிரா நம்பர் பலகையைத்தான் வாசிக்கும், சக்கரத்தின் சோபையை அல்லவே, சார்?" என்றேன்.

"காமிரா பார்க்காவிட்டால் என்ன, மாயாபுரி பழைய சாமான்காரன் பார்ப்பானே!" என்றார்.