உச்சுக்கொட்டியல்

நாவலைப் படித்துவிட்டு அதன் படத்தைப் பார்க்க வந்தவர், தியேட்டர் இருட்டில் எழுப்பும் 'ச்சு' என்ற ஒலிக்கு நம் மொழியில் இன்னும் யாரும் இலக்கணம் வகுக்கவில்லை. யாப்புக்கும் அணிக்கும் நூல் கண்டவர்கள் இதை அநாதையாக விட்டுவிட்டார்கள்.

முதலில் பிறப்பு. உந்தியிலிருந்து கிளம்பும் காற்று நெஞ்சிலும் மிடற்றிலும் தலையிலும் நின்று, நாவும் பல்லும் அண்ணமும் கூடி எழுத்தாகிறது என்பது தொல்காப்பியப் பிறப்பியல். உச்சு இதற்கு நேர் எதிர். நாக்கின் நுனி மேற்பல்லின் பின்னால் ஒட்டிக்கொண்டு, காற்றை உள்ளே இழுத்து, சட்டென்று விடுபடும்போது பிறக்கிறது. ஆகவே இது எழுத்தன்று. ஆனால் மாத்திரை உண்டு. கண்ணிமைக்கும் நேரம் ஒரு மாத்திரை என்றால், சாதாரண உச்சு அரைக்குள் அடங்கிவிடும். மனம் மிகவும் நொந்தால் மூன்று நான்காக அடுக்கி வரும். சுவரில் பல்லி சொல்கிறதா, பக்கத்து சீட்டில் வாசகர் சொல்கிறாரா என்று பிரித்தறிய முடியாத கட்டம் அது.

இந்த ஒலிக்கு 2022இல் வெளிவந்த 'பொன்னியின் செல்வன்' பொற்காலத்தைத் தந்தது. கல்கி 1950இல் தொடங்கி மூன்றரை ஆண்டு வாரந்தோறும் எழுதிய கதை. அதைப் படித்த குடும்பங்கள் மூன்று தலைமுறையாக உச்சைச் சேமித்து வைத்திருந்தன. நாவல், ஆடிப்பெருக்கு நாளில் வீரநாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரையோடு தொடங்குகிறது. படமோ இராட்டிரகூடர்களோடு நடக்கும் போரில் தொடங்கியது. பாப்கார்ன் பொட்டலத்தில் கை வைப்பதற்கு முன்பே முதல் உச்சு விழுந்துவிட்டது.

இதைவிடச் சிக்கலானது மணிமேகலை விவகாரம். கந்தமாறனின் தங்கையான அவள் படத்திலேயே இல்லை. இல்லாதவளுக்கு எந்த இடத்தில் உச்சுக் கொட்டுவது? அண்ணன் திரையில் தலைகாட்டும் போதெல்லாம் கொட்டிவிடுவது என்று வழக்கு ஏற்பட்டிருக்கிறது. தங்கைக்கு உரியது அண்ணனுக்கு ஆகி வருவதால் இதை ஆகுபெயர் உச்சு எனலாம்.

"நந்தினி இப்படியா இருப்பா?" என்று முனகுகிறவர் கல்கியின் வர்ணனையை மனத்தில் வைத்துப் பேசுவதாக நினைக்கிறார். உண்மையில் அவர் கண்ணில் நிற்பது மணியம் வரைந்த ஓவியம். 1968இல் 'தில்லானா மோகனாம்பாள்' வந்தபோதும் நிலைமை இதுவாகத்தான் இருந்திருக்க வேண்டும். கொத்தமங்கலம் சுப்பு எழுதிய தொடரை விகடனில் படித்தவர்களுக்கு மோகனா ஏற்கெனவே கோபுலுவின் தூரிகையில் ஆடி முடித்திருந்தாள். பத்மினி போட்டி போட வேண்டியிருந்தது சண்முகசுந்தரத்தின் நாதஸ்வரத்தோடு மட்டுமல்ல. ஆகவே டைரக்டர்கள் எழுத்தாளரின் வாரிசுகளிடம் மட்டும் உரிமை வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருப்பது அறியாமை.

உச்சிலிருந்து தப்ப வழி உண்டா? ஜெயகாந்தன் ஒரு வழி கண்டார். 'உன்னைப்போல் ஒருவ'னைத் தானே எழுதி, 1965இல் தானே படமாக்கினார். எழுதியவரே எடுத்த படத்துக்கு உச்சுக் கொட்டினால் அது அவதூறு. சுஜாதாவுக்கு அந்த யோகம் இல்லை. லண்டனில் நடந்த 'பிரியா' 1978இல் சிங்கப்பூருக்குக் குடிபெயர்ந்தது. கோர்ட்டில் வாதாட வேண்டிய வக்கீல் கணேஷ், ரஜினிகாந்தாகிப் பாட்டும் பாடினார். அந்த வாசகர்களுக்கு வாய் வலித்திருக்கும்.

இன்னொன்று. வீட்டு சோபாவில் தனியாகப் படம் பார்க்கிற வாசகர் உச்சுக் கொட்டுவதே இல்லை. நிறுத்தி வைத்துவிட்டு டீ போடப் போகிறார், அவ்வளவுதான். காதுக்கு எட்டும் தூரத்தில் நாவலைப் படிக்காத ஒருவராவது இருந்தால்தான் இந்த ஒலி பிறக்கும் என்பது இவ்வாய்வின் துணிபு. தொல்காப்பியர் சொல்லாமல் விட்ட பிறப்பிடம், பக்கத்து சீட்டு.

சான்றுக்கு, 2023இல் வந்த இரண்டாம் பாகம். கடைசியில் சோழ மணிமுடி மதுராந்தகன் தலையில் ஏறுகிறது. கல்கியில் விஷயம் வேறு. எனக்கு முன்வரிசையில் ஒரு பெரியவர் நான்கு அடுக்கு உச்சுக் கொட்டினார்.

"ஏங்க, அப்ப புஸ்தகத்துல யாருக்குத்தான் முடி சூட்டுறாங்க?" என்று கேட்டார் அவர் மனைவி.

"அதை இப்பவே சொல்லிட்டா சுவாரசியம் போயிடும்" என்றார் பெரியவர். அதற்குள் விளக்குப் போட்டு, துடைப்பத்தோடு ஆள் உள்ளே வந்துவிட்டார்.