எங்கும் போகாத சாலைக்கு ஓர் ஆதரவு மனு

பெறுநர்: இயக்குநர் அவர்கள், மாநகரப் போக்குவரத்துத் துறை, பால்டிமோர், மேரிலாந்து மாநிலம்.

பொருள்: மேற்கு பால்டிமோர் விரைவுச்சாலையை மூடிப் பூங்காவும் குடியிருப்பும் அமைக்கும் யோசனை – ஆட்சேபம் தெரிவித்தல் தொடர்பாக.

மதிப்புக்குரிய ஐயா / அம்மா,

பிராங்க்ளின் தெருவுக்கும் மல்பெரி தெருவுக்கும் நடுவே பள்ளம் பறித்து, ஆறு தடம் போட்டு, 1979இல் திறந்துவைத்த தங்கள் சாலையை மண் கொட்டி மூட வேண்டும் என்று சிலர் கிளம்பியிருக்கிறார்கள். ஊரார் அதற்கு ‘எங்கும் போகாத நெடுஞ்சாலை’ என்று பட்டப்பெயர் வேறு வைத்திருக்கிறார்கள். கேட்கவே மனசு பதறுகிறது. நீளம் 1.39 மைல், அதாவது இரண்டேகால் கிலோமீட்டர். காரை மிதித்தால் ஒன்றரை நிமிடம். அந்த ஒன்றரை நிமிடத்துக்காக 971 வீடுகளும் 62 கடைகளும் இடிந்தன. சுமார் 1,500 பேர், பெரும்பாலும் கறுப்பின மக்கள், மூட்டை கட்டினார்கள். இத்தனை செலவில் வாங்கிய ஒன்றரை நிமிடத்தை யாராவது சும்மா விட்டுக்கொடுப்பார்களா?

சாலைக்குப் போக்கிடம் இல்லை என்கிறார்கள். அது சாலையின் குற்றமா? இதோடு வந்து சேர வேண்டிய ஐ-70 நெடுஞ்சாலை யூட்டா மாநிலத்தின் கோவ் ஃபோர்ட்டில் புறப்பட்டு, ராக்கி மலை ஏறி இறங்கி, மிசிசிப்பியைக் கடந்து, 2,100 மைலுக்கு மேல் ஓடிவந்தது. பால்டிமோர் வாசலில் லீக்கின் பூங்காவின் மரங்களைக் கண்டதும் நின்றுவிட்டது. பூங்காவைப் பிளந்து போகக் கூடாது என்று மனு, வழக்கு, போராட்டம். கடைசியில் 1980களின் தொடக்கத்தில் அந்தத் துண்டைக் கைவிட்டார்கள். ஊருக்குள்ளே பந்தல் போட்டுப் பெண்ணை அலங்கரித்து உட்கார வைத்தாயிற்று; மாப்பிள்ளை ஊர் எல்லையோடு திரும்பிவிட்டார். அதற்காகப் பெண்ணைக் குறை சொல்வது எந்த ஊர் நியாயம்?

ஐ-70 நின்றுபோன இடத்தில் இன்று, காரை விட்டுவிட்டுப் பேருந்து ஏறுகிறவர்களுக்கான வாகன நிறுத்தம் இருக்கிறது. அங்கிருந்து மேற்கே திரும்பினால், கொலம்பஸ், செயின்ட் லூயிஸ், டென்வர் என்று தூரம் சொல்லி, கடைசி வரியில் ‘கோவ் ஃபோர்ட் 2,200’ என்று முடிகிற பலகை. பக்கத்தில் இருக்கும் ஊருக்குள் நுழைய வழி இல்லை; யூட்டாவுக்கு வழி பளிச்சென்று இருக்கிறது. இதைவிடத் தெளிவான வழிகாட்டல் வேறு எந்தத் துறையில் கிடைக்கும்?

மரங்களுக்காக வாதாட ஆள் இருந்தது, நல்லதுதான். கிழக்கே, இதே சாலைத் திட்டத்தில் சிக்கிய, துறைமுகத்தை ஒட்டிய ஃபெல்ஸ் பாயின்டுக்கும் ஆள் இருந்தது. பார்பரா மிகுல்ஸ்கி என்ற சமூகப் பணியாளர் சாலைக்கு எதிராகக் கிளம்பி, அந்தச் சூட்டோடு அரசியலுக்கு வந்து, செனட்டர் வரை போனார். அந்தத் தெருக்களில் இன்று சுற்றுலாப் பயணிகள் நண்டு உடைத்துத் தின்கிறார்கள். மேற்குப் பக்கத்து மக்களும் சங்கம் வைத்துப் போராடத்தான் செய்தார்கள். ஆனால், இரண்டு முனையிலும் சாலைக்கு அனுமதி உறுதியாவதற்குள் நடுவில் இடித்துவிடுகிற தங்கள் சுறுசுறுப்போடு அவர்களால் போட்டி போட முடியவில்லை. 1944இலேயே நியூயார்க்கிலிருந்து சாலைத் திட்டக்காரர் ராபர்ட் மோசஸ் வந்து இந்தத் தடத்தைக் கைகாட்டிவிட்டுப் போயிருந்தார் அல்லவா? பெரியவர் வாக்கை எப்படித் தட்டுவது!

பால்டிமோரின் அடுக்கு வரிசை வீடுகளைத் தாங்கள் பார்த்திருப்பீர்கள். சுவரோடு சுவர் ஒட்டிய செங்கல் வீடுகள். வாசலில் இரண்டு மூன்று வெள்ளைப் பளிங்குப் படிகள். சனிக்கிழமை வந்தால் வீட்டுப் பெண்கள் வாளியும் நுரைக்கல்லும் துலக்கும் பொடியுமாக உட்கார்ந்து, தெருவே வெளுக்கும்படி அந்தப் படிகளைத் தேய்ப்பார்கள். மாலையில் அதே படிகளில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவார்கள். போக்குவரத்துக் கண்ணோட்டத்தில் பார்த்தால் அவ்வளவும் நகராமல் உட்கார்ந்திருந்த கூட்டம். தாங்கள் நகர வைத்தீர்கள்.

சாலையை மூடினால் கார்கள் எங்கே போகும் என்று தங்கள் தரப்பில் யாராவது கேட்பார்கள். தயவுசெய்து அந்தக் கேள்வியைக் கேட்க விடாதீர்கள். பள்ளத்தின் இரு கரையிலும் பிராங்க்ளின் தெரு மேற்கு நோக்கியும் மல்பெரி தெரு கிழக்கு நோக்கியும் ஒருவழிப் பாதைகளாக ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கின்றன. இது வெளியே தெரிந்தால் வழக்கு தோற்றுவிடும். மளிகைப் பையைத் தூக்கிக்கொண்டு ஒரு பாட்டி இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போக வேண்டுமென்றால், ஒரு தெரு, ஒரு பாலம், மறுபடி ஒரு தெரு. அவருக்குக் கார் கிடையாது. அந்தப் பக்கத்தில் பல வீடுகளில் கிடையாது. நடப்பது உடம்புக்கு நல்லது.

மற்ற ஊர்களைக் காட்டி மிரட்டுவார்கள். போர்ட்லாண்டில் 1974இல் ஆற்றங்கரைச் சாலையை எடுத்துவிட்டுப் புல்வெளி போட்டார்கள். சான் பிரான்சிஸ்கோவில் 1989 நிலநடுக்கத்தில் அடிபட்ட எம்பார்கடேரோ மேல்சாலையைப் பழுதுபார்க்காமல் இடித்தே விட்டார்கள். ராச்செஸ்டரில் இதே மாதிரிப் பள்ளச் சாலையின் கிழக்குப் பகுதியை மண் நிரப்பி மூடி, மேலே அடுக்குமாடி வீடுகள் கட்டினார்கள். மூன்று ஊரும் இன்னும் இயங்கிக்கொண்டிருக்கின்றன என்பது உண்மைதான். அதிர்ஷ்டசாலிகள்.

தாங்களே ஒருமுறை வழி தவறியதுண்டு. 2010இல் மேற்கு முனையில் ஒரு துண்டை உடைத்தீர்கள். பயந்துபோய் விசாரித்தேன். அங்குள்ள ரயில் நிலையத்தின் வாகன நிறுத்தத்தைப் பெரிதாக்கவாம். நிம்மதி வந்தது. வீடுகளை இடித்தது கார் ஓட. சாலையை இடித்தது கார் நிற்க. கொள்கை மாறவில்லை.

பணத்தைப் பற்றியும் கவலை வேண்டாம். 2023இல் வாஷிங்டன் 20 லட்சம் டாலர் கொடுத்தது, திட்டமிட. அடுத்த ஆண்டு எட்டரைக் கோடி டாலர் அறிவித்தது. 2025இல் ஒரு சட்டம் போட்டு, அந்த வகை மானியங்களில் செலவாகாமல் கிடந்ததைத் திரும்ப எடுத்துக்கொண்டது. சாலையின் நடுவில் ரயிலுக்கென்று விட்டுவைத்த இடமும் அப்படியே காத்துக்கிடக்கிறது. 2015இல் ஓர் ஆளுநர் ரயில் திட்டத்தை ரத்து செய்தார், 2023இல் இன்னொருவர் தூசி தட்டி எடுத்தார். எனவே இன்னும் நாலைந்து ஆய்வறிக்கைகளுக்குத் தாராளமாக நேரம் இருக்கிறது.

அதையும் மீறி வீடுதான் கட்டுவோம் என்று முடிவாகிவிட்டால், ஒரே ஒரு வேண்டுகோள். இப்படிப்பட்ட திட்டப் படங்களில் மரநிழலும், காபிக் கோப்பையோடு நடக்கும் இளைஞர்களும், சைக்கிளும் தவறாமல் இருக்கும். வாடகையும் அந்தப் படத்துக்கு ஏற்றாற்போலவே வையுங்கள். தங்கள் பழைய கோப்பறையில் 971 வீடுகளின் முகவரிப் பட்டியல் இருக்கும். அன்று இழப்பீட்டுக் காசோலை அனுப்பத் தயாரித்தது. அதை முதலில் தொலைத்துவிடுங்கள். கையில் கிடைத்தால், புது வீட்டுச் சாவியை அந்தக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு முதலில் கொடுங்கள் என்று யாராவது மனு போட்டுவிடுவார்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள
சாலை அபிமானி