லேசரா, பசையா, நுரையா?

நரம்பு சுருட்டல், வெரிகோஸ் வெயின் என்று ஊருக்கு ஒரு பெயரில் காலைப் பிடித்துக்கொண்டிருக்கும் தொல்லை பற்றி வாசகர்கள் கேட்டவையும் அவற்றுக்கான பதில்களும்.

கே: கெண்டைக்காலில் நரம்பு சுருண்டு புடைத்து நிற்கிறது. ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனேன். காலைப் பார்த்த மாத்திரத்தில், ‘லேசர் பண்ணிடலாம்மா’ என்றார்கள். பண்ணிடலாமா?
— பள்ளி ஆசிரியை, கும்பகோணம்

ப: பார்த்த மாத்திரத்தில் சொன்னவருக்குக் கண்ணிலேயே ஸ்கேன் பொருத்தியிருக்க வேண்டும். அந்தப் பாக்கியம் இல்லாத டாக்டர்கள் டாப்ளர் ஸ்கேன் எடுத்துப் பார்த்த பிறகுதான் வாயைத் திறக்கிறார்கள்.

வெளியே புடைத்துத் தெரிவது விளைவுதான். கோளாறு பெரும்பாலும் அதற்கு மேலே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கும். கணுக்காலின் உட்புறத்தில் தொடங்கித் தொடை இடுக்குவரை ஓடும் பெரிய சஃபீனஸ் சிரையில் வழிநெடுக வால்வுகள் உண்டு. நடக்கையில் கெண்டைத் தசை சுருங்கச் சுருங்க ரத்தம் மேலேறும்; ஏறியதை இறங்கவிடாமல் வால்வு பிடித்துக்கொள்ளும். கிணற்று மோட்டாரில் ஃபுட் வால்வு போய்விட்டால் குழாயில் ஏறிய தண்ணீர் மறுபடி கிணற்றுக்கே இறங்கிவிடுகிறதே, அதே கதைதான். மேல் வால்வு கசிந்தால் பாரம் முழுக்கக் கீழே உள்ள கிளைகளின் தலையில் விடிகிறது. அவை வீங்கி நெளிகின்றன.

ஆகவே கசிவு எங்கே என்று கண்டுபிடிப்பதில்தான் பாதி வைத்தியம் இருக்கிறது. அந்த ஸ்கேனை நிற்கவைத்து எடுக்க வேண்டும். உடம்பின் பாரத்தை மறுகாலில் போடச் சொல்லி, தொடை இடுக்கில் ஜெல் தடவிய கருவியை வைத்து, டாக்டர் இன்னொரு கையால் கெண்டைக்காலை ஒரு பிடி பிடித்து விடுவார். பிடிக்கும்போது திரையில் ஒரு நிறம் மேல்நோக்கி ஓடும். விட்டதும் திரை அமைதியாகிவிட வேண்டும். அப்படி ஆகாமல் எதிர்நிறம் பாய்ந்து அரை நொடிக்கு மேல் நீடித்தால் அந்த வால்வு ராஜினாமா செய்துவிட்டது என்று பொருள். நோயாளியைப் படுக்கவைத்தே அவசரமாக எடுத்து முடித்த ரிப்போர்ட்டை நம்பி யாரும் நரம்பைக் கொளுத்த வேண்டியதில்லை.

கே: அந்த நரம்பை எரித்துவிட்டால் ரத்தம் எந்த வழியாகப் போகும்?
— இல்லத்தரசி, தென்காசி

ப: இப்போதும் அந்த வழியாக ஒழுங்காகப் போகவில்லை என்பதுதானே புகார்! காலின் ரத்தத்தில் பெரும்பகுதியை மேலே கொண்டுபோவது தசைகளுக்கு நடுவே ஓடும் ஆழ்சிரைகள். தோலை ஒட்டி ஓடும் சிரையை மூடினால் ரத்தம் அங்கே திரும்பிக்கொள்ளும். ஆழ்சிரையில் பழைய ரத்தக்கட்டு அடைத்திருந்தால் மட்டும் கணக்கு மாறும். முதலில் ஸ்கேன் என்று வற்புறுத்துவதற்கு இது இன்னொரு காரணம்.

கே: நாளைக்கு பைபாஸ் தேவைப்பட்டால் காலிலிருந்துதானே நரம்பு எடுப்பார்கள்? இன்றே எரித்துவிட்டால்?
— ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், கோவை

ப: நல்ல தொலைநோக்கு. 1967-ல் அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் கிளினிக்கில் அர்ஜென்டினாக்காரரான ரெனே ஃபாவலோரோ இதயத்துக்குப் பைபாஸ் போட எடுத்தது இந்த சஃபீனஸ் சிரையைத்தான், இன்றும் எடுக்கிறார்கள். ஆனால் வீங்கி, சுருண்டு, வால்வு இற்றுப்போன சிரையை இதய அறுவை நிபுணர் சாதாரணமாக ஏற்க மாட்டார். எனவே கெட்டது போவதில் நஷ்டம் பெரிதல்ல. கெடாத சிரையை ‘அதையும் சேர்த்துப் பண்ணிடலாம், பேக்கேஜில் வருது’ என்று மூடினால்தான் நஷ்டம். இரண்டு காலுக்கும் ஒரே மூச்சில் நாள் குறிக்கும் இடங்களில் இந்தக் கேள்வியை உரக்கவே கேட்கலாம்.

கே: லேசர், ரேடியோ அலை, பசை, நுரை, ஆபரேஷன் என்று மெனு கார்டு நீட்டுகிறார்கள். எதை ஆர்டர் செய்வது?
— ஓட்டல் உரிமையாளர், மதுரை

ப: பெயர் பலவானாலும் வேலை ஒன்றுதான்: கசிகிற சிரையை மூடுவது அல்லது அகற்றுவது. ஓட்டல்காரருக்குப் புரியாததில்லை, தோசை ஒன்றுதான், விலைதான் வேறு.

லேசரில், முழங்கால் பக்கத்தில் ஊசி குத்தி, மெல்லிய இழையைச் சிரைக்குள் தொடை இடுக்குவரை ஏற்றி, உள்ளிருந்து சுட்டுக்கொண்டே கீழே இழுத்துவருவார்கள். 1470 நானோமீட்டர் அலைநீளம் என்று ரிப்போர்ட்டில் எழுதியிருந்தால் இப்போது பரவலாக உள்ள வகை. ரேடியோ அலை முறையில் குழாயின் நுனி 120 டிகிரி செல்சியஸுக்குச் சூடேறும். 7 சென்டிமீட்டர் நீளத்தை 20 விநாடி சுட்டுவிட்டு அடுத்த துண்டுக்கு நகரும். இரண்டிலும் சுடுவதற்கு முன் மரப்பு மருந்து கலந்த குளிர்ந்த உப்புநீரைச் சிரையைச் சுற்றிலும் ஊசியால் நிரப்புகிறார்கள். அந்தத் தண்ணீர் வலியைத் தடுக்கிறது, சிரையை இறுக்கிச் சூட்டோடு ஒட்டவைக்கிறது, தோலும் பக்கத்து உணர்வு நரம்பும் வேகாமல் காக்கிறது. உண்மையில் வலிப்பது அந்த ஊசிகள்தான். ‘வலியே இல்லை’ என்ற விளம்பரம் அவற்றைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

பசை என்பது சயனோஅக்ரிலேட். உடைந்த பொம்மையை ஒட்டும் ஃபெவிக்விக்கின் குடும்பம், மருத்துவத்துக்கென்று வடித்தது. அமெரிக்க எஃப்.டி.ஏ. இதை 2015-ல் அனுமதித்தது. சூடு இல்லை, அந்த உப்புநீர் ஊசிகளும் இல்லை. ஆனால் வெளிப்பொருள் உடம்பிலேயே தங்குகிறது. சிலருக்குச் சிரை போன பாதையெல்லாம் சிவந்து அரிக்கும். புதிது என்பதற்காகக் கூடுதல் விலை கொடுக்கலாம்; புதிது என்பதற்காகவே மேலானது என்று நம்ப வேண்டாம்.

நுரைதான் பார்க்க வேடிக்கை. இரண்டு சிரிஞ்சுகளை மூவழிக் குழாயில் பொருத்தி, ஒன்றில் மருந்து ஒரு பங்கு, மற்றதில் காற்று நான்கு பங்கு வைத்து, இதிலிருந்து அதற்கும் அதிலிருந்து இதற்கும் சடசடவென்று தள்ளினால் ஷேவிங் நுரை மாதிரி வெள்ளையாகப் பொங்கிவிடும். இத்தாலிய டாக்டர் டெஸ்ஸாரி கண்ட வித்தை. செலவு குறைவு, நேரமும் குறைவு. குறை என்னவென்றால், டென்மார்க்கில் 500 நோயாளிகளை நான்காகப் பிரித்து லேசர், ரேடியோ அலை, நுரை, பழைய ஆபரேஷன் என்று செய்து பார்த்து 2011-ல் வெளியிட்ட ஆய்வில், ஓராண்டில் சிரை மறுபடி திறந்துகொண்டது நுரை போட்டவர்களிடம்தான் அதிகம். மற்ற மூன்றும் ஏறக்குறைய ஒரே வரிசை.

பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2013-ல் கொடுத்த வழிகாட்டுதலில் வரிசை இது: முதலில் சூட்டால் மூடுவது (லேசரோ ரேடியோ அலையோ), ஒத்துவராவிட்டால் நுரை, அதுவும் முடியாவிட்டால் கத்தி. லேசருக்கும் ரேடியோ அலைக்கும் இடையே தேர்வு செய்ய மண்டையை உடைத்துக்கொள்வதைவிட, அந்த டாக்டர் எதை அதிகம் செய்து பழகியிருக்கிறார் என்று கேட்பது புத்திசாலித்தனம்.

இன்னொன்று. பெரிய சிரையை மூடிய பிறகும் வெளியே புடைத்த கிளைகள் அப்படியே இருந்தால், இரண்டு மூன்று மில்லிமீட்டர் கீறி, கொக்கியால் இழுத்து எடுப்பார்கள். சில இடங்களில் அது பேக்கேஜுக்கு வெளியே தனி பில்லாக வரும். மேஜையில் படுப்பதற்கு முன்பே விசாரிக்க வேண்டிய விஷயம்.

கே: தலைகீழாக நின்றால் சரியாகுமா?
— யோகா மாணவர், புதுச்சேரி

ப: நிற்கும்வரை சரியாகத்தான் இருக்கும்.

கே: சாக்ஸ் போடச் சொல்கிறார்கள். மே மாதம், வேலூர் வெயில். டாக்டருக்கு இரக்கமே இல்லையா?
— தபால்காரர், வேலூர்

ப: சாக்ஸைக் கண்டுபிடித்தவருக்கும் இதே கால்வலிதான். கான்ராட் ஜாப்ஸ்ட் என்ற பொறியாளர், ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவின் ஓஹியோ மாகாணத்தில் குடியேறியவர், நீச்சல் குளத்தில் நிற்கும்போது மட்டும் கால் லேசாக இருப்பதைக் கவனித்தார். ஆழத்தில் நீரழுத்தம் அதிகம். மேலே வரவரக் குறைவு. அதே கணக்கில் கணுக்காலில் இறுக்கமாகவும் மேலே போகப்போகத் தளர்வாகவும் 1950 வாக்கில் காலுறை செய்தார். வேலூருக்கு அவர் வந்ததில்லை.

சாக்ஸ் வீக்கத்தையும் பாரத்தையும் குறைக்கும், வால்வைப் பழுது பார்க்காது. கர்ப்பிணிகளுக்கும், வேறு சிகிச்சை செய்ய முடியாதவர்களுக்கும், சிகிச்சை முடிந்த முதல் சில நாட்களுக்கும் அது நல்ல துணை. காலையில் எழுந்து கால் வீங்குவதற்கு முன்பே மாட்ட வேண்டும். பதினொரு மணிக்கு மாட்டப் பார்ப்பவர்கள்தான் டாக்டரைத் திட்டுகிறார்கள்.

கே: அப்பாவுக்குக் கணுக்கால் பக்கம் தோல் கறுத்து, ஆறாத புண். சர்க்கரை வேறு. ‘புண் ஆறட்டும், பிறகு நரம்பைப் பார்க்கலாம்’ என்கிறார் பக்கத்து கிளினிக் டாக்டர்.
— மென்பொருள் ஊழியர், ஓசூர்

ப: இங்கே மட்டும் வேடிக்கைப் பேச்சு இல்லை. வரிசையை மாற்றுவதுதான் நல்லது என்று பிரிட்டனில் 450 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2018-ல் காட்டியது. எல்லோருக்கும் அழுத்தக் கட்டு போட்டார்கள். அத்துடன் சிரையையும் உடனே மூடியவர்களுக்குப் புண் ஆறப் பிடித்த இடைநிலைக் காலம் 56 நாள். தள்ளிப்போட்டவர்களுக்கு 82 நாள். ஆனால் சர்க்கரை உள்ளவருக்கு அழுத்தக் கட்டு போடுமுன் பாதத்துக்குப் போகும் தமனியில் ரத்தம் சரியாக ஓடுகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். அடைப்பு இருக்கும் காலில் இறுக்கிக் கட்டினால் காலுக்கே ஆபத்து. ரத்தநாள அறுவை நிபுணரைத் தேடிப் போவது அவசியம்; தனியாரில்தான் என்றில்லை, சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் இதற்குத் தனித் துறையே உண்டு.

புடைத்த நரம்பு உடைந்து ரத்தம் பீச்சினால் பதறி ஓட வேண்டாம். படுத்து, காலை உயர்த்தி, சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்தபடி ஆளனுப்பவும். தொடையில் கயிறு கட்டக் கூடாது.

கே: துணிக்கடையில் காலை ஒன்பதிலிருந்து இரவு ஒன்பதுவரை நிற்கிறேன். லேசர் பண்ணிக்கொண்டு மறுபடி அங்கேயே போய் நின்றால்?
— விற்பனையாளர், திருநெல்வேலி

ப: மூடிய சிரை பெரும்பாலும் மூடியதுதான், அடுத்த சிரை உத்தரவாதம் தராது. கோழிக்கோட்டில் பெண்கூட்டு என்ற அமைப்பின் விஜியும் தோழிகளும் போராடியதில் 2018-ல் கேரளம் கடை ஊழியர்களுக்கு உட்காரும் உரிமை கொடுத்தது. தமிழ்நாடு 2021-ல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ என்ற பிரிவைச் சேர்த்தது: ஊழியர் அனைவருக்கும் இருக்கை வேண்டும். எத்தனை கடைகளில் அந்த ஸ்டூலில் புடவைப் பெட்டி உட்கார்ந்திருக்கிறது என்பது வாடிக்கையாளர்களுக்கே தெரியும்.

கே: கணவர் ஊசிக்கே பயப்படுகிறார். ஒரு காலுக்குப் பண்ணிவிட்டு மற்றதை விட்டுவிடலாமா?
— பெயர் வெளியிட விரும்பாதவர், ஈரோடு

ப: முன்னுதாரணம் பெரிய இடத்தில் இருக்கிறது. ரோமாபுரியின் தளபதி காயஸ் மாரியஸ், ஏழு முறை கான்சலாக இருந்தவர், மரப்பு மருந்தே இல்லாத காலத்தில், கட்டிப்போட வேண்டாம் என்று சொல்லிவிட்டு முனகாமல் ஒரு காலின் சுருட்டல் நரம்பை அறுக்கக் கொடுத்தார். மருத்துவர் அடுத்த காலுக்கு வந்ததும், இந்த வலிக்கு இந்தக் குணம் கட்டுப்படியாகாது என்கிற மாதிரிச் சொல்லி எழுந்துவிட்டாராம், புளூட்டார்க் எழுதிவைத்திருக்கிறார். மறுகாலில் புண்ணோ தோல் கறுப்போ தொந்தரவோ இல்லாவிட்டால் கணவரும் தாராளமாக மாரியஸ் ஆகலாம்.

கே: இன்ஷூரன்ஸ் கிடைக்குமா? எப்போது பைக் எடுக்கலாம்?
— மருந்து விற்பனைப் பிரதிநிதி, சேலம்

ப: பல பாலிசிகளில் வெரிகோஸ் வெயினுக்கு இரண்டு ஆண்டு காத்திருப்புக் காலம் போட்டிருப்பார்கள், போன மாதம் பாலிசி எடுத்து இந்த மாதம் காலை நீட்டினால் கிடைக்காது. அழகுக்காக என்று டாக்டர் எழுதிவிட்டாலும் கிடைக்காது, ஆகவே சிலந்தி வலை மாதிரி மெல்லிய நீலக் கோடுகளுக்குக் கைக்காசுதான். எந்த முறை, எந்தக் கால், இழையோ பசையோ அதன் விலை எவ்வளவு என்பதெல்லாம் முன் அனுமதிக் கடிதத்தில் இருக்கட்டும்.

நடப்பது அன்றைக்கே, நடக்கத்தான் சொல்வார்கள். பெரும்பாலானவர்கள் சில நாட்களில் வேலைக்குப் போய்விடுகிறார்கள். பைக், வலியில்லாமல் சட்டென்று பிரேக்கை மிதிக்க முடிகிற நாளில். முதல் வாரத்தில் ஒரு ஸ்கேனுக்கு வரச் சொன்னால் தட்டிக்கழிக்க வேண்டாம்: மூடிய சிரையின் ரத்தக்கட்டு ஆழ்சிரைக்குள் எட்டிப் பார்க்கிறதா என்று அதில்தான் தெரியும்.