ஒரு குடம் கடன்

(திருவொற்றியூர், காலடிப்பேட்டை பக்கம் ஒரு புது வீடு. பின்கட்டில் நீச்சல் குளம். வீட்டுக்காரர் துறைமுகத்துக்குக் கன்டெய்னர் லாரிகள் விட்டுச் சம்பாதித்தவர். பம்பு மேஸ்திரி ராயபுரம் கல்மண்டபத்து ஆள். பம்பு உறுமுகிறது. தண்ணீர் வரவில்லை.)

வீட்டுக்காரர்: வாங்க மேஸ்திரி. அரை மணி நேரமா ஓடுது. தண்ணி மட்டும் வரமாட்டேங்குது.

மேஸ்திரி: மொதல்ல அத்த நிறுத்து சார். தொட்டுப் பாரு, தோசை வாக்கலாம். தண்ணி இல்லாம ஓட வுட்டா உள்ள சீல் தீஞ்சுடும்.

வீட்டுக்காரர்: ஆனா போன்ல பச்சை விளக்கு எரியுதே! ‘இயங்குகிறது’ன்னு காட்டுது.

மேஸ்திரி: இயங்கல்லன்னு யாரு சொன்னா? காத்துல இயங்குது. எலக்சன் மேடையில பேசறவரு கூடத்தான் இயங்குறாரு.

வீட்டுக்காரர்: டப்பா மேலேயே ‘செல்ஃப் ப்ரைமிங்’னு போட்டிருக்கே. தானா இழுத்துக்கும்னுதானே அர்த்தம்?

மேஸ்திரி: செல்ஃப் ஸ்டார்ட் வண்டின்னா பெட்ரோல் கேக்காதா சார்? இந்தப் பம்பு வயித்துல மொதல்ல கொஞ்சம் தண்ணி நிக்கணும். அந்தத் தண்ணியோட கலந்துதான் குழாய்க் காத்தை வெளிய துப்பும். ரொப்பி வெச்சா அப்பால தானா பாத்துக்கும். மொதல் வாய் நாமதான் ஊட்டணும்.

வீட்டுக்காரர்: இத்தனை ஹார்ஸ்பவர் இருந்தும் தண்ணிய உறிஞ்ச முடியலையா?

மேஸ்திரி: பம்பு உறிஞ்சறதே இல்ல சார். உள்ள சக்கரம் சுத்தித் தண்ணிய வெளிய எறியும். எறிஞ்ச எடம் காலியாவும். வெளிக்காத்து குளத்து மேல குந்திக்கினு அமுக்கும், அந்தக் காலி எடத்துக்குத் தண்ணி ஏறி வரும். கணக்குக்கு 10 மீட்டர் ஏறும். நெசத்துல 7 மீட்டர் ஏறுனாலே பெரிசு. எறியறதுக்கே தண்ணி இல்லன்னா அது பம்பு இல்ல, விசிறி.

வீட்டுக்காரர்: அறுபதாயிரம் ரூபாய்க்கு விசிறியா!

மேஸ்திரி: ஒரு பக்கெட் குடு, பம்பாக்கிடறேன்.

வீட்டுக்காரர்: பக்கெட்டா? இந்த வீட்டுல எல்லாமே ஷவர் மேஸ்திரி. பக்கெட், சொம்பெல்லாம் பழைய வீட்டோட போச்சு.

மேஸ்திரி: குளம் எவ்ளோ? 20 அடி நீளம், 10 அடி அகலம், 4 அடி ஆழம். 22,000 லிட்டருக்கு மேல. குடத்துக்கு 15 லிட்டர்னா 1,500 குடம். ஆயிரத்தைந்நூறு குடம் தண்ணி கீது, மொண்டு ஊத்த ஒரு குடம் இல்ல!

வீட்டுக்காரர்: பக்கெட்டெல்லாம் அந்தக் காலம்.

மேஸ்திரி: 2017 ஜனவரி 28, எண்ணூர்ல ரெண்டு கப்பல் மோதிச்சே, எந்தக் காலம்? எர்ணாவூர்ப் பாறையெல்லாம் எண்ணெய்க் கசடு. உறிஞ்சற வண்டியெல்லாம் வந்துச்சு. கசடு கெட்டி, வண்டி திணறிச்சு. கடைசியில வரிசையா நின்னு கை மாத்திக் கை வாளியிலதான் அள்ளுனாங்க. 2023 டிசம்பர் வெள்ளத்துல முகத்துவாரத்துல எண்ணெய் வந்துச்சே, அப்பவும் மீனவருங்க படகுல போயி மக்குலயும் வாளியிலயும்தான் அள்ளுனாங்க. உன் போன்ல வாளிக்குப் பச்சை விளக்கு இல்ல, அவ்ளோதான்.

வீட்டுக்காரர்: அது கடல் விவகாரம். எனக்கு ரெண்டு தண்ணி லாரி வந்தா குளம் ரொம்பிடும்.

மேஸ்திரி: 2019ல லாரிக்கே தண்ணி இல்ல. ஜூலை 12ஆந் தேதி ஜோலார்பேட்டையிலேர்ந்து வில்லிவாக்கத்துக்கு ரயில்ல 25 லட்சம் லிட்டர் வந்துச்சு. மேளம் அடிக்காத குறைதான். உன் கணக்குல பாத்தா 110 குளம். ஒரு ரயில்ல ஊருக்கே அவ்ளோதான் வந்துச்சு.

வீட்டுக்காரர்: காட்டுப்பள்ளியில கடல் தண்ணிய நல்ல தண்ணி ஆக்க ஆலையே கட்டுனாங்களே? 2010ல வந்துச்சு, ஒரு நாளைக்குப் பத்து கோடி லிட்டருக்கு! அவசரம்னா மெட்ரோ வாட்டர் குழாய்லயே ஒரு மோட்டார் மாட்டி இழுத்துக்கலாம்னு ஒரு யோசனை...

மேஸ்திரி: குழாய்ல நேரா மோட்டார் மாட்டறது குத்தம் சார். நீ இங்க இழுத்தா தெருக் கோடி அடிபம்புக்குக் காத்துதான் வரும். காலையிலேர்ந்து உன் பம்பு குடிக்குதே, அதே காத்து. (வெளியே எட்டிப் பார்த்து) யக்கா! ஒரு குடம் கடன் குடேன்!

(பக்கத்து வீட்டு வாசலில் அடிபம்பு. அந்த அம்மாள் எடுத்து வைத்த தண்ணீரில் ஒரு சொம்பு அதன் தலையில் ஊற்றி, நாலு அடி அடிக்கிறார். தண்ணீர் வருகிறது.)

மேஸ்திரி: பாத்துக்கோ. நம்ம ஏரியாவுல வூட்டுக்கு வூடு தெனம் ப்ரைமிங் நடக்குது. பேருதான் தெரியாது.

(வெறுங்குடம் கொடுத்தனுப்ப மனசில்லாமல் அவர் நிறைகுடமாகவே நீட்டுகிறார். வீட்டுக்காரர் வாங்கிவந்து, பம்பு மூடியைத் திறந்து கவிழ்க்கிறார்.)

மேஸ்திரி: அய்ய, ஊத்தாத சார்! அது குடிக்கற தண்ணி! குளத்துல மொள்ளத்தான் குடம் கேட்டேன்!

வீட்டுக்காரர்: ஊத்திட்டேனே...

மேஸ்திரி: சரி வுடு. மெயின் ஆஃப்ல கீதா? குளத்துலேர்ந்து வர்ற வால்வு ரெண்டும் தொறந்துக்கோ. மூடியில அந்த ரப்பர் வளையத்தை எடு. பாத்தியா, ஒரு இலைத் துணுக்கு ஒட்டிக்கினு கீது. இந்தச் சந்துல காத்து பூந்தா ஏழு கடலை ஊத்துனாலும் ஏறாது. தொடச்சு, சிலிகான் கிரீஸ் தடவி, கையால முறுக்கு, ஸ்பேனர் வேணாம். ஃபில்டர் தலையில கீற காத்துத் திருகைத் தொற. இப்ப சுவிட்சைப் போடு. ரெண்டு மூணு நிமிசத்துல வரலன்னா நிறுத்திடணும். பிடிவாதம் பிடிச்சா சீல் போயிடும்.

(உஸ்ஸென்று காற்று. பிறகு இருமல். பிறகு தண்ணீர். மேஸ்திரி திருகை மூடுகிறார்.)

வீட்டுக்காரர்: வந்துடுச்சு! எவ்வளவு ஆச்சு மேஸ்திரி?

மேஸ்திரி: எனக்கு ஐந்நூறு. அக்காவுக்கு ஒரு குடம்.

வீட்டுக்காரர்: அதுக்கென்ன, இதோ குளத்துல மொண்டு...

மேஸ்திரி: இந்தக் குளோரின் தண்ணியில சோறு வடிப்பியா நீ?

வீட்டுக்காரர்: அப்ப காசா குடுத்துடறேன்.

மேஸ்திரி: காசை ஊத்தி அடிபம்பு அடிக்க முடியாது சார். கடன் வாங்குன பாத்திரத்தை வெறுமையா திருப்பக் கூடாதுன்னு உன் வூட்லயும் சொல்லிக் குடுத்திருப்பாங்க. சமையக்கட்டுல குடிக்கறதுக்கு வாங்கி வெச்சிருக்கியே 20 லிட்டர் கேன், அத்த எடு.

(கேன் கவிழ்கிறது. குடம் ரொம்ப முக்கால் கேன் பிடித்தது.)