இறங்குமுன் அடுத்த கப்பல்

பெரிய உல்லாசக் கப்பல்களில் அடுத்த பயணத்தை விற்பதற்கென்றே ஒரு மேசை போட்டிருப்பார்கள். ராயல் கரீபியன்காரர்கள் அதற்கு 'நெக்ஸ்ட்குரூஸ்' என்று பெயரே வைத்திருக்கிறார்கள். ஏறிய அன்றைக்கு அந்தப் பக்கம் ஈ காக்கா இருக்காது. சாப்பாட்டுக் கூடம் எந்த மாடியில் என்பதுதான் அன்றைக்கு எல்லாருக்கும் கவலை. இறங்குவதற்கு முந்தின நாள் பார்க்கவேண்டும், வரிசை வளைந்து லிஃப்ட் வரைக்கும் நிற்கும். வீட்டில் அழுக்குத் துணியும் மோட்டார் ரிப்பேரும் காத்திருப்பது ஞாபகம் வந்த முகங்களெல்லாம் அங்கேதான் இருக்கும். அந்த வரிசைக்கும் முன்னால், மேசை திறக்க அரைமணி இருக்கும்போதே, எல்.ஐ.சி. கொடுத்த ரெக்ஸின் பையை மடியில் வைத்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தால், எந்த ஊர் என்று தயங்காமல் கேளுங்கள். ஆரல்வாய்மொழி என்பார்.

கப்பலில் இருக்கும்போதே அடுத்த கப்பலுக்குப் பதிவு செய்தால் சில சலுகைகள் கிடைக்கும். முன்பணம் குறைவு, ஆளுக்கு 100 டாலரில்கூடத் தொடங்கும். அதோடு கப்பலுக்குள்ளேயே செலவழித்துத் தீர்க்க என்று கொஞ்சம் டாலர் நம் கணக்கில் வரவு வைப்பார்கள். எந்தக் கப்பல், எந்தத் தேதி என்று முடிவு செய்யாதவர்கள் பணத்தை மட்டும் கட்டிவிட்டு, பிறகு ஆற அமரத் தேர்ந்துகொள்ளும் ஏற்பாடும் சில கம்பெனிகளில் உண்டு. கம்பெனிக்காரன் தர்மசத்திரம் நடத்தவில்லை. வேளாவேளைக்குச் சாப்பிட்டு, மத்தியானம் தூங்கி, சில்லறையைத் தொடாமல் ஓர் அட்டையை நீட்டியே நாலு நாள் வாழ்ந்த மனிதனைப்போல ஏமாளி கரையில் கிடைக்கமாட்டான் என்பது அவனுக்குத் தெரியும். அதே ஆள் ஊருக்கு வந்து கரண்ட் பில்லைப் பார்த்துவிட்டால் அப்புறம் கன்னியாகுமரிப் படகுக்குக்கூட யோசிப்பான்.

எங்கள் தெரு அண்ணாச்சி அந்த ரகம் இல்லை. அவர் ஏமாறுவதே கிடையாது, தானாகப் போய்க் கொடுப்பார். பெயர் வேண்டாம், முக்குக் கடையில் 'அட்வான்ஸ் அண்ணாச்சி' என்று கேட்டால் வீட்டு நடையில் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். மின்வாரியத்தில் இருந்து 2018-ல் ஓய்வு பெற்றவர். மகன் சிங்கப்பூரில். கையில் பென்ஷன், காலில் சக்கரம்.

ஆரல்வாய்மொழியில் பிறந்தவனுக்கு, மற்றவர்கள் போவதைப் பார்ப்பதுதான் முதல் பொழுதுபோக்கு. இரண்டு பக்கமும் மலை, நடுவில் நாங்கள். திருநெல்வேலியில் இருந்து நாகர்கோவில் போகிறவனும் திருவனந்தபுரம் போகிறவனும் எங்கள் வழியாகத்தான் போகவேண்டும். 1809-ல் வேலுத்தம்பி தளவாயின் ஆட்கள் இங்கே கோட்டையில் நின்று மறித்தபோது, அவர்களை முறியடித்துக்கொண்டு போன கும்பெனிப் பட்டாளமும் மேற்கொண்டு போனதே தவிர ஊரில் ஒரு வாய் காப்பி குடித்ததாகத் தெரியவில்லை. திருநெல்வேலிப் பக்கமிருந்து தோவாளைக்குப் பூ வாங்கப் போகிறவன்கூட எங்களைத் தாண்டித்தான் போகிறான். ஆனி ஆடியில் மேற்கே இருந்து வருகிற காற்று, ஓட்டைப் பிய்த்து, கொடியில் கிடக்கிற வேட்டியை அள்ளிக்கொண்டு முப்பந்தல் காத்தாடிகளைச் சுற்றப் போய்விடும். அதற்கும் இங்கே ஜோலி இல்லை. 1981-ல் திருநெல்வேலி–நாகர்கோவில் ரயில் பாதை திறந்தபோது அண்ணாச்சிக்கு இருபத்தொரு வயது. போகிறவர்களின் கூட்டத்தில் ஒரு ரயிலும் கூடிப்போனது. தண்டவாளத்துக்குப் பக்கத்தில் நின்று கை காட்டிய அந்த இளைஞன் அன்றைக்கே ஒரு முடிவு எடுத்திருக்கவேண்டும். அடுத்துப் போவதற்கு ஒரு சீட்டு பையில் இல்லாமல் ஊருக்குள் கால் வைப்பதில்லை!

ரயிலில்தான் ஆரம்பித்தது. 2015 ஏப்ரலில் இருந்து 120 நாளுக்கு முன்பே பதிவு செய்யலாம் என்று ரயில்வே சொன்னதே, அந்த ஒன்பது வருஷம் அண்ணாச்சியின் பொற்காலம். கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் கீழ்ப்படுக்கையில் படுத்துக்கொண்டே, நாலு மாதம் கழித்து இதே படுக்கை கிடைக்க எந்தத் தேதியில் காலை எட்டு மணிக்கு உட்காரவேண்டும் என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டிருப்பார். எதற்காகப் போகிறோம் என்பது முக்கியமில்லை.

"சீட்டு இருந்தா ஜோலி தானா வரும், பாத்துக்கிடும்" என்பார்.

வந்தும் இருக்கிறது. சென்னையில் தூரத்துச் சொந்தம் ஒருவர் காலமானார். நாகர்கோவில் பக்கத்துச் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் தத்கலில் முட்டி மோதி, கடைசியில் பஸ்ஸில் கால் வீங்கிப் போய்ச் சேர்ந்தார்கள். பதினாறாம் நாள் அடியந்திரத்துக்கு அண்ணாச்சி மட்டும் உறுதியான கீழ்ப்படுக்கையில் தூங்கி, எழும்பூரில் இறங்கி, குளித்துத் திருநீறு பூசி வந்து நின்றார். நாலு மாதம் முன்பே எடுத்த சீட்டு என்று அதைப் பெருமையாக வேறு காட்டினார். இறந்தவரின் மூத்த மகன் அதற்கப்புறம் அவரோடு சரியாக முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

2024 நவம்பர் 1 முதல் 120 நாளை 60 நாளாகக் குறைத்தபோது அண்ணாச்சி இரண்டு நாள் வெளியே வரவில்லை. கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்ததும் 1956-ல் ஒரு நவம்பர் 1 தான். "மாவட்டத்துக்கு நல்ல நாளு, எனக்குக் கெட்ட நாளு" என்றார். அறுபது நாள் என்பது அவருக்கு எதிர்காலமே இல்லை. அது நாளைக்கு மறுநாள்.

உல்லாசக் கப்பலுக்கு அவரைக் கொண்டுபோனது மகன். 2019-ல் சிங்கப்பூரில் ஏறி, பினாங்கு பார்த்துவிட்டுத் திரும்பும் சின்னப் பயணம். ஜன்னல் இல்லாத உள்ளறைதான் வேண்டும் என்று அண்ணாச்சி பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். "கதவத் தொறந்தா கடலு. சன்னலுக்கு எதுக்கு தனியா துட்டு?" முதல் நாள் மேல்தளத்தில் காற்று பலமாக அடிக்க, வெள்ளைக்காரர்கள் தொப்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே ஓடினார்களாம். அண்ணாச்சி வேட்டியைத் தார்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு நடுவில் நின்று, "இதெல்லாம் ஒரு காத்தா? ஆடி மாசம் எங்க ஊருக்கு வாரும்" என்று ஒரு டென்மார்க்காரரிடம் தமிழிலேயே சொல்லியிருக்கிறார். மூன்றாம் நாள் அந்த மேசையைக் கண்டுபிடித்தார். 120 நாளை முழு ஆயுசாக நினைத்திருந்தவருக்கு, இரண்டு வருஷம் கழித்து ஓடப்போகும் கப்பலுக்கு இன்றைக்கே எழுதிக்கொள்கிறார்கள் என்ற செய்தி எப்படி இருந்திருக்கும்! மகன் சொல்கிறான், அப்பா கண் கலங்கினாராம். ஏ.சி. குளிர் என்று மைனி, அதாவது அண்ணாச்சியின் மனைவி, சொல்கிறார்.

அவருடைய சிக்கனத்தை ஊரில் பலர் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். கப்பலில் இலவசமாகக் கிடைக்கும் காப்பியைத் தவிர வேறு காப்பியைத் தொடமாட்டார். இன்டர்நெட் வாங்கமாட்டார். மைனி கட்டிக்கொடுத்த முந்திரிக்கொத்தை அறையில் வைத்துத் தின்பார். ஆனால் 25 டாலர் வரவு வைக்கிறான் என்பதற்காக 200 டாலர் முன்பணம் கட்டிவிட்டு வந்து, "25 டாலர் லாபம்" என்பார். அப்புறம் அந்த 25 டாலரைத் தீர்த்தாகவேண்டுமே! தீராவிட்டால் வீணாகிவிடும் என்ற பயத்தில் கடைசி ராத்திரி கப்பல் கடையில் ஒவ்வொரு சாமானாகத் திருப்பி விலை பார்த்து, மைனிக்குக் கப்பல் பெயர் போட்ட தொப்பி ஒன்று வாங்கினார். 31 டாலர். ஆறு டாலர் கையில் இருந்து போனது. அந்தத் தொப்பியை மைனி வேண்டாவெறுப்பாக ஒரே ஒரு நாள், ஆடி மாசத்தில், ரேஷன் கடைக்குப் போட்டுக்கொண்டு போனார். தெரு திரும்பும்போது காற்று அதை எடுத்துக்கொண்டது. முப்பந்தல் இசக்கியம்மனுக்குக் காணிக்கையாகப் போயிருக்கும் என்று ஊரில் பேச்சு.

நம் கடலில் அடுத்த பயணத்தை முன்கூட்டியே நிச்சயம் செய்ய ஒருவனுக்கு அசாத்திய நம்பிக்கை வேண்டும். 2011 ஜூனில் தூத்துக்குடி–கொழும்பு 'ஸ்காட்டியா பிரின்ஸ்' ஓடத் தொடங்கியபோது அண்ணாச்சி லீவு போட்டுவிட்டுப் போய்வந்தார். தைப்பொங்கலுக்கு மறுபடி போக நாள் குறித்து வைத்திருந்தார். நவம்பரிலேயே சேவை நின்றுபோனது. 2022 ஜூனில் சென்னையில் இருந்து கோர்டீலியாவின் 'எம்ப்ரஸ்' கப்பலை முதலமைச்சர் ஸ்டாலின் கொடியசைத்து அனுப்பினார். விசாகப்பட்டினம் போய்விட்டுப் புதுச்சேரிக்கு வந்தால், சூதாட்டம் வரும் என்று அங்கே எதிர்ப்பு, அரசு அனுமதி தரவில்லை. கரையைத் தூரத்தில் இருந்து பார்த்துவிட்டுக் கப்பல் சென்னைக்குத் திரும்பியது. 2023 அக்டோபர் 14-ல் நாகப்பட்டினம்–காங்கேசன்துறை 'செரியாபாணி' தொடங்கி ஒரு வாரத்தில் நின்றது. அடுத்த ஆகஸ்டில்தான் 'சிவகங்கை' என்ற வேறு கப்பலோடு மறுபடி ஓடியது. இந்த வரலாறெல்லாம் அண்ணாச்சிக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். 'எம்ப்ரஸ்' 1990-ல் 'நார்டிக் எம்ப்ரஸ்' என்ற பெயரில் ராயல் கரீபியனுக்காக ஓடத் தொடங்கியது என்பதுவரை சொல்வார். கப்பல் நிற்பது அவரை அசைத்ததே இல்லை. நின்ற கப்பல் என்றைக்காவது ஓடும், அன்றைக்கு நம் பெயர் முன்னால் இருக்கவேண்டும், அவ்வளவுதான்.

இந்த நம்பிக்கைக்குச் சோதனை 2020-ல் வந்தது. முந்தின வருஷம் மேசையில் பதிவு செய்தது அந்த மே மாதத்துக்கு. மார்ச்சிலேயே உலகம் முழுக்கக் கப்பல்கள் நங்கூரம் போட்டுவிட்டன. ராயல் கரீபியன் இரண்டு வழி சொன்னது. பணம் வேண்டும் என்றால் திருப்பித் தருகிறோம். அல்லது கட்டிய தொகையில் 125 சதவீதத்தை அடுத்த பயணத்துக்கு வரவு வைக்கிறோம். பக்கத்து மாவட்டத்துக்குப் போக இ-பாஸ் கேட்டுக்கொண்டிருந்த நாட்கள் அவை. ரேஷன் கடை வட்டத்துக்குள் முகக்கவசத்தோடு நின்றுகொண்டு அண்ணாச்சி எங்களுக்கு விளக்கினார்.

"எந்த பேங்குல ஓய் ரெண்டு மாசத்துல நூத்துக்கு இருபத்தஞ்சு தாறான்?"

"கப்பலே ஓடலேன்னா அண்ணாச்சி?"

"ஓடாட்டா என்ன? புக்கிங் இருக்குல்லா."

உலகமே அடுத்த வேளைக்கு என்ன ஆகுமோ என்று கிடந்தபோது, தேதி போடாத ஒரு கப்பலுக்குச் சீட்டு வைத்திருந்த ஒரே மனிதர் எங்கள் தெருவில் நிம்மதியாகத் தூங்கினார். எனக்கு அன்றைக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்சம் பொறாமையும்தான்.

மைனியிடம் கேட்டால் வேறு கதை வரும்.

"உங்க அண்ணாச்சிக்கு இந்தக் கப்பல்ல இருக்கும்போது இந்தக் கப்பல் தெரியாது தம்பி. டால்பின் வந்துட்டுன்னு எல்லாவனும் ஓடுதான். நான் போய் கூப்பிடுதேன். வரிசை போயிரும், நீ பாத்துட்டு வந்து சொல்லுங்காரு. அடுத்த கப்பல் படத்துல டால்பின் இருக்காம், அத அந்தப் பொண்ணு காட்டிருக்கா. அத எனக்குக் காட்டுதாரு!"

மைனி சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் மைனிக்கும் லேசாக ஒட்டிக்கொண்டுவிட்டது என்பது என் அனுமானம். போன தடவை திரும்பி வந்தபோது, பெட்டியைத் திறக்காமலே கட்டிலுக்கு அடியில் தள்ளினார். கேட்டதற்கு, "மறுபடி எடுக்கத்தானே போறோம்" என்றார்.

கப்பல் என்றில்லை, தரையிலும் அப்படித்தான். நாகர்கோவிலில் மகள் கல்யாணம். இரண்டாம் பந்தியில் ரசவடை பரிமாறிக்கொண்டிருக்கிறார்கள், பெண்ணின் தகப்பனாரைக் காணோம். சம்பந்தி வீட்டார் முகம் மாறுவதற்குள் தேடிப் பிடித்தோம். மண்டப ஆபீசில் உட்கார்ந்து மகன் கல்யாணத்துக்கு அட்வான்ஸ் கொடுத்துக்கொண்டிருந்தார். மகனுக்கு அப்போது பெண் பார்க்கவே தொடங்கவில்லை. "இப்பம் போட்டா பழைய வாடகை ஓய்" என்றார். பெண் எப்படியோ அந்தத் தேதிக்குள் கிடைத்தாள். மண்டபத்து வாடகை கூடுகிறதே என்று தன்னைப் பிடித்துக் கட்டிவைத்தார்கள் என்று மருமகள் இன்றைக்கும் சிங்கப்பூரில் சொல்லிச் சிரிக்கிறாள்.

போன வாரம் சாயங்காலம் அண்ணாச்சி வீட்டுக்கு வந்தார். அன்று காலைதான் அனந்தபுரி ரயிலில் வந்து இறங்கியிருந்தார். கையில் ஒரு சாக்லேட் பெட்டி, அதற்கடியில் ஒரு காகிதம். ஒரே அறையில் நாலு பேர் தங்கினால் மூன்றாம் ஆளுக்கும் நாலாம் ஆளுக்கும் கட்டணம் குறைவாம். மூன்றாம் ஆளாக என் பெயரும் நாலாம் ஆளாக என் மனைவி பெயரும் அதில் இருந்தன. சம்மதமா என்று கேட்கிற பழக்கம் அவரிடம் கிடையாது.

வாய்வரை வந்ததை அடக்கிக்கொண்டு, என் பாஸ்போர்ட் 2027-லேயே முடிந்துவிடும் என்றேன். இதைவிடத் தோதான சாக்கு கிடைக்காது என்று நினைத்தேன்.

"கப்பலு 2028-ல. அதுக்குள்ள புதுசு வந்திராதா? போன இங்க தாரும். அதுக்கும் இப்பமே ஒரு நாளு வாங்கிப் போட்டிருவோம்" என்று சொல்லிக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.